முட்டைச் சக்கரம்

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் என்னால்தான் நடந்தது. ரொம்ப வருஷம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வடக்கனந்தல் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நாலு பேர். அத்தை கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். அந்தக் கடையை மூடியபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். அதை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டிருந்தாள். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம் என்று அவள் விளக்கியதை அப்பா நம்பவில்லை. "சும்மா குடுக்கறான்னா அதுல இன்னாமோ இருக்குது" என்றார்.

இருக்கத்தான் செய்தது. எங்களுடையது அகலத் திரை. அது எவ்வளவு அகலம் என்று கம்ப்யூட்டருக்குப் பிடிபடவில்லை. எண்ணூறுக்கு அறுநூறு என்ற சின்ன அளவில் அது படத்தை அனுப்ப, திரை அதை இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பியது. எழுத்தெல்லாம் குண்டு, ஆட்களெல்லாம் குண்டு. அத்தை ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் திறந்து என்னென்னவோ அடித்துப் பார்த்தாள். கடைசியில் 1366, 768 என்ற எண்கள் வருகிற ஒரு வரிக்குத் திரை ஒரு கணம் கறுத்து, சரியாகி வந்தது.

ஆனால் அணைத்துப் போட்டால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி அந்த வரியைக் கொண்டுவருவது என் வேலையாயிற்று. கறுப்புப் பெட்டியில் மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த வரி வரும். இன்னொரு தட்டுக்கு அதற்கு முந்தைய வரி வரும். 1366 வந்ததும் என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கே நான் பள்ளிக்கூடத்தில் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமில்லை. பிறகு ஒருநாள் அத்தை அது மறக்கவே மறக்காதபடி எதையோ எழுதி வைத்துவிட்டாள். என் உத்தியோகம் போயிற்று. அன்றைக்கு அழுதேன்.

அந்தக் கோடையில் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை காலி. மலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தது போக எனக்கு நினைவிருப்பது அந்த அறைதான். எட்டுக் கம்ப்யூட்டர்கள், எட்டிலும் லினக்ஸ், எட்டுத் திரையிலும் குண்டு எழுத்து. அத்தை உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு போனாள். விடுதிப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். தலைமையாசிரியை அம்மா, "ஜூன்ல வந்து சேர்ந்துடுங்க டீச்சர்" என்றார். அதற்கு முன் யாரும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. இறங்குகிற வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்பா ஒரே பிடியாக நின்றார். "கல்யாணம் ஆவாத பொண்ணு மலையில தனியா தங்கிக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்? மொதல்ல கல்யாணம். அப்புறம் அவரு அனுப்பினா போ." அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, தங்கைமேல் உயிர்தான். ஆனால் தங்கையிடம் கேட்டுச் செய்கிற வழக்கம் அவருக்கில்லை. மூன்றாம் நாள் அவளே தட்டைப் போட்டு உட்கார்ந்து, "நீங்க பாருங்கண்ணே" என்றாள். விஷயம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

பெரியப்பா திருச்சியில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். நல்ல உத்தியோகம், எங்களைப் போலவே மாதா கோயில், ஒரே பூசை. போட்டோவை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மெயில் இருந்தது அத்தைக்கு மட்டும். அப்பாவுக்கு வர வேண்டிய மாப்பிள்ளை அத்தை பெயருக்கு வந்து இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியப்பாவும் வந்த பிறகு, அத்தை போட்டோவைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள். ஒரு காரின் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கழுத்தே தெரியவில்லை. முகம் பறங்கிக்காய்போல் பரந்திருந்தது.

"உடம்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே" என்றார் அப்பா.

"சின்னதுல பார்த்தப்ப ஒல்லியாத்தான் இருந்தான்" என்று பெரியப்பா முனகினார்.

அத்தை தலையைக் குனிந்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

அது அப்பாவைத் தைத்துவிட்டது. தங்கை குச்சிபோல் இருப்பாள். பெருமூச்சு விட்டு, "வேணாம்ண்ணே. ஜோடி சேராது. இந்த வருஷம் வுட்டுட்டு அடுத்த வருஷம் பாக்கலாம். அதுவரைக்கும் அது மலைக்கே வேலைக்குப் போய்ட்டு வரட்டும்" என்றார்.

நான் அந்த நேரம் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, சக்கரத்தப் பாருங்க. முட்ட மாதிரி இருக்குது. வண்டி எப்டி ஓடும்?" என்றேன். சொன்ன வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. திரை பழையபடி கெட்டிருக்கிறது! என் உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது! ஓடிப்போய் நாற்காலியில் ஏறினேன்.

"தொடாதடி, கெட்டுப்பூடும்" என்றாள் அத்தை. ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் கேட்கிற பிள்ளையா? கறுப்புப் பெட்டியைத் திறந்து அம்புக்குறியைத் தட்டினேன். 800, 600 என்று ஒரு வரி வந்தது. இது இல்லையே என்று தொடர்ந்து தட்டினேன். 1366 வந்தது. என்டர்.

திரை கறுத்துத் தெளிந்தது. சக்கரம் வட்டமாயிற்று. பறங்கிக்காய் இளைத்து, கழுத்தும் தாடையும் வந்து, மாப்பிள்ளை ராஜா மாதிரி நின்றார். பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "என் ராசாத்தி" என்று கொஞ்சினார். அத்தை காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே ஓடி, "நான் சரியாத்தான அத்த பண்ணேன்?" என்று கேட்டேன். கன்னத்தைத் தொட்டு, "சரியாத்தான் பண்ண" என்றாள். அம்மா மட்டும் என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, "உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேல" என்றாள். கம்ப்யூட்டரைத் தொட்டதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா நல்லவர்தான். இன்றைக்கும் அத்தைக்கு முன் அவர் சாப்பிட உட்கார்வதில்லை. ஆனால் அவள் கரியாலூருக்குப் போகவே இல்லை.

கல்லூரி விடுதியில் ஒருநாள் என் கம்ப்யூட்டரில் திரை குண்டாகிப்போய், பழைய பழக்கத்தில் அம்புக்குறியைத் தட்டினேன். முதலில் வருவது கடைசியாக அடித்த வரி. அந்த ஞாயிறன்று முதலில் வந்தது 800, 600. கம்ப்யூட்டர் எதையும் மறந்திருக்கவில்லை. யாரோ உட்கார்ந்து அதை அடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை அடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

அத்தை கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்த இரண்டு பேரும் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று உபதேசியார் ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் நான் அத்தையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குத் தெரிந்து ஒரு தடையும் இல்லை. இருந்த ஒன்றையும் நான்தான் சரிசெய்துவிட்டேனே என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.