வெறும் வானத்தைக் கழித்த கதை

வானத்தைத் துடைக்கும் வேலைக்குத் துணி வேண்டாம், பொறுமைதான் வேண்டும். என்னிடம் இல்லாததும் அதுதான். துடைத்த அடுப்பு மேடையையே நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மாடி வீட்டு வேலை

தொண்ணூறுகளில் ஓசூரில் எங்கள் மாடியில் குடியிருந்தவள் வசுதா. கன்னடப் பெண், பெங்களூரில் வானியல் ஆராய்ச்சி. சிங்காரப்பேட்டைக்கு அப்பால், மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் மேகமில்லாமல் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு. அன்று பிடித்த ஒரு கேலக்ஸியின் வெளிச்சத்தை வைத்துத்தான் டாக்டர் பட்டம். அது கெட்டால் இன்னொரு வருஷம் மேகத்தைப் பார்த்து உட்கார வேண்டும். ஊரில் கல்யாணப் பேச்சு அதுவரை காத்திருக்காது.

தலைமுடி மாதிரி கண்ணாடி இழைகளைக் கொத்தாக வைத்து அந்த வெளிச்சத்தைப் பிடிப்பார்களாம். ஒவ்வோர் இழையும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளும். அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால், கம்ப்யூட்டரில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் அதில் ஊசி ஊசியாகக் குத்தி வைத்திருக்கும். பக்கத்து இழையிலும் இருந்தால் அது நிஜ மேடு. ஒன்றில் மட்டும் இருந்தால் ஊசி. ஊசிகளுக்கு அடையாளம் வைக்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். கம்பெனி பஸ்ஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நிமிராமலே சொன்னார்: "பாத்ரூம் லைட்ட அணைக்க மறக்கிறவ, வானத்து லைட்டத் துடைக்கப் போறியா?"

மஞ்சள் விளக்கு

எல்லா இழையிலும் ஒரே இடத்தில் ஒரு மேடு நின்றது. ஊசி இல்லை, கேலக்ஸியும் இல்லை. என்ன சனியன் இது என்று கேட்டேன். ஊர்களில் எரியும் மஞ்சள் தெருவிளக்குகளின் வெளிச்சமாம். மேலே போய், வானத்தோடு கலந்து, தொலைநோக்கிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்காகவே சில இழைகளைக் கேலக்ஸிக்கு வெளியே, வெறும் வானத்தில் வைப்பார்கள். அவற்றின் சராசரியை எடுத்து மற்ற இழைகளிலிருந்து கழித்துவிட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மஞ்சள் விளக்கு வேண்டுமென்று முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்து வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர்தான். வசுதாவிடம் அதைச் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை: "அண்ணாகிட்ட இன்னொரு லைட்டு மட்டும் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க அக்கா."

பாட்டு கிளாஸ்

கழித்தோம். நடு இழைகள் சுத்தமாக வந்தன. அவளுக்கு முக்கியமான, கேலக்ஸியின் ஓரத்து இழைகளில், அதன் ஹைட்ரஜன் வாயு காட்டும் மேடு நிற்க வேண்டிய இடத்தில் பள்ளம். இருப்பதைவிட அதிகமாகக் கழிந்திருந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அதே பள்ளம். ஓரத்தை விட்டுவிடு என்று அவள் கைடு சொல்லிவிட்டாராம். ஓரம் இல்லாமல் ஆராய்ச்சியே இல்லை. வசுதா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அழுகை பார்க்கப் பிடிக்காது. கான்வென்டில் பாட்டு கிளாஸில் சுருதி விலகினால், சிஸ்டர் எங்களைத் தனித்தனியாக நிறுத்திப் பாடச் சொல்வார். "எல்லாத்தையும் கலந்து சராசரி எடுத்தா எது கெடுக்குதுன்னு எப்படிம்மா தெரியும்? வானத்து இழைங்கள ஒண்ணொண்ணா நிறுத்து. மொதல்ல மூக்கத் துட" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிறுத்தினாள். ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தோடு வந்து போனது. ஓரத்தை ஒட்டியிருந்த ஒன்றில் மட்டும், ஊசியாக இல்லாமல், அதே ஹைட்ரஜன் மேடு, ஜம்மென்று. அவள் திரையைத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, வெறும் வானம்னு நாம விட்ட இடத்துலயும் கேலக்ஸிதான் உக்காந்திருக்கு. நாம நெனச்சத விட இது பெருசு."

அடுப்படிச் சுவர்

அந்த ஓர் இழையை நீக்கிவிட்டுக் கழித்ததும் பள்ளம் மறைந்தது. ஓரம் முழுக்க மேடு எழும்பி நின்றது. கைடும் ஒத்துக்கொண்டார், பட்டமும் வந்தது. ஓரத்து இழை ஒன்றின் கோட்டுப் படத்தை அச்செடுத்து வசுதா எனக்குக் கொடுத்தாள். அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து வெகுநேரம் பார்த்தார்: "இத்தன மாசம் துடைச்சு, இந்த மேடு ஒண்ணுதான் மிஞ்சிச்சா?"

ஆமாம், நான் துடைத்ததில் மறுநாளும் சுத்தமாகவே இருந்தது அது ஒன்றுதான் என்பதால், வசுதாவை நினைத்துக்கொண்டுதான் இன்றும் மேடையைத் துடைக்கிறேன்.