இரண்டாயிரத்து இருபத்தேழு பெட்டிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு தேயிலைக் களஞ்சியம். பெட்டிகளை எண்ணி அடுக்குவிப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அதுவும் தற்காலிகம்தான். நாளைக்கு வரலாமா என்பதை மேற்பார்வை ஐயா அன்றன்று பின்னேரமே சொல்வார். பின்னேரம் நெருங்கினாலே அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐயா பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணமாட்டார். நீளம், அகலம், உயரம் பார்த்துப் பெருக்குவார். சரக்கோடு வரும் கடதாசியில் உள்ள தொகை வரவேண்டும். அதனால் மீதி விழாமல் அடுக்குவோம்.

அன்று வந்தவை 2027. இரண்டு தரம் எண்ணினேன். நீளம் 26, அகலம் 13, உயரம் 6 என்று அடுக்கியபோது மேல்மூலையில் ஒரு பெட்டிக்கான இடம் காலியாகக் கிடந்தது. யாரோ களவெடுத்ததுபோல் இருந்தது.

வேறு விதமாக அடுக்கலாமோ என்று நிலத்தில் சோக்கட்டியால் எழுதி வகுத்துப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு... இரண்டால் போகாதது நான்காலும் போகாது என்பதால் அவற்றை விட்டேன். எல்லாவற்றிலும் மீதி.

பெட்டி தூக்கும் கிண்ணியா ஊர்க்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் அண்ணன், எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, சோறு ஆறுது. அந்த எண் உமக்கு மடங்குதில்லையோ?"

"நாப்பத்திமூண்டு வரைக்கும் பாத்திட்டன் நானா. இன்னும் எவ்வளவு கிடக்கு!"

"ரெண்டு பக்கமும் நீளமா வர ஏலுமோ? ஒண்டு நீண்டா மற்றது கட்டையாத்தானே வரும்."

உண்மைதான். 46ஐ 46ஆல் பெருக்கினாலே தொகையைத் தாண்டிவிடும். ஒரு பக்கம் 45க்குள் வந்தே ஆகவேண்டும்; அதற்குள் எதுவும் இல்லை. இப்படி ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவதை முதன்மை எண் என்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

காரணம் புரிந்தும் பயம் விடவில்லை. ஒரு வெறும்பெட்டியைத் தூக்கி அந்த ஓட்டையில் வைத்தேன்.

ஐயா வந்தார், பெருக்கினார், கடதாசியைப் பார்த்தார். "ரெண்டாயிரத்து இருபத்தெட்டு. ஒண்டு கூடிப்போச்சு. ஆருடைய பெட்டியைக் கொண்டுவந்து வச்சிருக்கிறீர்?"

நானா ஏறி அந்தப் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். "காத்துத்தான் ஐயா இருக்கு."

"ஓட்டையைப் பாத்தா களவெண்டு நினைப்பியளெண்டு..." என்று தொடங்கி, நிலத்தில் இருந்த கணக்கைக் காட்டினேன். ஐயா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாப்பத்தேழாலை பாக்கேல்லையே?"

"தேவையில்லை ஐயா. அது போறதெண்டா மற்றப் பக்கம் நாப்பத்தஞ்சுக்குள்ளை வரவேணும். அதுக்குள்ளை ஒண்டும் இல்லை."

ஐயா கடதாசியில் கையெழுத்து வைத்தார். "ஓட்டை ஓட்டையாவே இருக்கட்டும். நாளைக்கு வாரும்."

"நாளைக்கு மட்டுமோ ஐயா?"

நானா தலையில் கையை வைத்தார். ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளை மறுநாளும் வாரும்."