டூபாவுக்கு ஓர் இருக்கை

தோருன் பகலில் நார்வேயின் ஒரு தீவில் மீன் லாரி ஓட்டுவாள். மாலையில் ஊர் வாத்தியக் குழுவில் கார்னெட் என்கிற சின்ன எக்காளம் ஊதுவாள். ட்ரொன்ஹெய்ம் நகரத்து வாத்தியப் போட்டிக்கு முந்தின நாள், குழுவை ஏற்றிப்போக வேண்டிய கப்பல் பழுதாகி நின்றது. மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அவள்தான் ஊரெல்லாம் போன் போட்டு, ஆளாளுக்குத் திட்டி, இரட்டை எஞ்சின் வைத்த குட்டி விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். எட்டுப் பேர், எட்டு இருக்கை.

காலையில் விமானி எய்விண்ட், குழுவின் இளைஞன் ஓட்லெய்ஃப் தூக்கி வந்த டூபாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அவ்வளவு பெரிய பித்தளைக் குழல்.

"இந்த யானை சாமான் வைக்கிற இடத்துல நுழையாதே! சீட்ல உட்கார வெச்சு பெல்ட் போட்டாத்தான் உண்டு."

ஆட்களை எண்ணியவர்கள் டூபாவை எண்ணவில்லை. அவர்களுக்கு அது ஓட்லெய்ஃபின் உடம்போடு ஒட்டிப் பிறந்தது.

"நான் இறங்கிக்கிறேன் அக்கா," என்றான் ஓட்லெய்ஃப், தோருனிடம்.

"நீ இறங்கினா இதை யாருடா ஊதுறது, விமானியா? என்னை மாதிரி கார்னெட் ஊத இன்னும் மூணு பேர் இருக்காங்க. பேசாம உட்காரு!"

தோருன் தன் இருக்கையில் டூபாவை உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கினாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த தன் ரொட்டிப் பொட்டலத்தை அவன் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். இந்தப் போட்டிக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கினாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கதவைச் சாத்த வந்த எய்விண்டிடம் அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஜெயிச்சா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. தோத்தா டூபாவை மட்டும் கொண்டு வந்தா போதும்!"