ஜன்னலுக்கு வெளியே மணி நாலு

அந்தச் செய்தித் தளத்தின் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிழல் என்றால்தான் திரும்புவாள். உடன் சேர்ந்த பயிற்சியாளர்கள் தலைப்பு வைக்கவும் வீடியோ வெட்டவும் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் வீடியோக்களில் வரும் விளக்குக் கம்பங்களையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று பார்த்தால் வீடியோ எடுக்கப்பட்ட நேரத்தைச் சொல்லிவிடலாம். ஒரு மாதத்தில் அலுவலகத்தில் யாருக்கு எந்த வீடியோ வந்தாலும், "நிழல்கிட்ட காட்டு" என்பது பழகிப்போனது.

சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே ஒரு பெரிய கடிகாரமாகத் தெரியும். மரங்களும் கம்பங்களும் தெருவைக் கடப்பவர்களும் அதன் முட்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வருவது வாரத்துக்கு இரண்டு தரமாவது நடக்கும். அலுவலகத்தில் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு வீடியோவைத் திறந்தால், மெல்ல அந்தத் தெருவுக்குள் இறங்கிவிடுவாள். கொடியில் காயும் துணியைத் தொடுவாள், மூடிய கடையின் படியில் உட்காருவாள், வெயில் எந்தத் தோளில் சுடுகிறது என்று பார்ப்பாள். பிறகு மெதுவாகக் கரையேறி, "காலை ஒன்பதரை" என்பாள். இப்படிச் சொன்ன எதுவும் அதுவரை பிசகியதில்லை. அதுதான் வினையே.

ஆசிரியருக்கு அங்கே வைத்த பெயர் அவசரம். தண்ணீர் குடிக்கப் போனாலும் "அவசரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருநாள் அவர் அவள் மேசையில் ஒரு வீடியோவைத் தள்ளினார். "ஊர் முழுக்க இதான் சுத்துது. நிஜமான்னு பாரு. அவசரம்."

கால்வாய் ஓரத்தில் ஒரு டேங்கர் லாரி. குழாயிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கால்வாயில் கொட்டுகிறது. எடுத்தவர் எதிர்வரிசையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். "நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு எங்க ஜன்னல்லேர்ந்து எடுத்தேன். தொழிற்சாலைக் கழிவ இங்க கொண்டாந்து கொட்றாங்க" என்று கீழே எழுதியிருந்தார். நகராட்சியோ, அதே நாள் காலையில் தங்கள் லாரிதான் கால்வாயைத் தூர்வார வந்தது, வீடியோவில் இருப்பது அதுவே என்றது. லாரியில் எழுத்தோ எண்ணோ தெரியவில்லை, ஒரே சேறு. ஆனால் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது.

அவள் வரைபடத்தைத் திறந்தாள். தையல் கடையின் ஜன்னல் வடக்கே பார்க்கிறது. வீடியோவில் நிழல் இடது பக்கம் நீண்டிருக்கிறது. இடது என்றால் மேற்கு. மேற்கே நிழல் விழுந்தால் வெயில் கிழக்கே, அதாவது காலை. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு நடை நடந்தும் பார்த்தாள். இளவெயில் இதமாகத்தான் இருந்தது.

மாலைக்குள் செய்தி வந்துவிட்டது. வீடியோவின் மேல் சாய்வாகச் சிவப்பு முத்திரை: பொய். கீழே அவள் பெயர், முதன்முதலாக. கால் தரையில் படவில்லை. அம்மா அந்தச் செய்தியைக் கைபேசியில் இருந்த நாற்பத்து மூன்று சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினார். இருபது வருஷமாகப் பேசாத பெரியப்பா வீட்டுக்கும்கூட அனுப்பியதை என்னவென்று சொல்வது! அடுத்த திங்கட்கிழமை வேலை நிரந்தரம் என்று அவசரமே வாய்விட்டுச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஒரு அழைப்பு வந்தது.

"நான் அந்தத் தையல்காரி பேசறேன்மா. நகராட்சியில என் புகார மூடிட்டாங்க. உங்க செய்திய அச்செடுத்து அதுலயே ஒட்டியிருக்காங்க. தெருவுல என்னைப் பொய்க்காரின்றாங்க." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க வந்து பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அவ்வளவு தெளிவாக நடந்திருந்தாள் அந்தத் தெருவில். "நாளைக்கு வரேங்க" என்றாள்.

மறுநாள் போனபோது மணி மூன்றே முக்கால். கண்ணை மூடி நடந்தபோது இல்லாத ஒன்று முதலில் வந்து முகத்தில் அறைந்தது, நாற்றம். கடைக்குள் வெட்டுத்துணிகள் மலையாகக் கிடந்தன. தையல்காரியின் மகள், ஆறு வயதிருக்கும், முழங்கால் வரை தடிப்புத் தடிப்பாகக் காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். "கால்வாய்ப் பக்கம் போகாதேன்னா கேக்கறதில்ல" என்றார் தையல்காரி, மன்னிப்புக் கேட்பதுபோல.

நாலு மணிக்கு ஜன்னலில் போய் நின்றாள். கம்பத்தின் நிழல் வலது பக்கம் விழுந்திருந்தது. வீடியோவில் இடது பக்கம். அப்பாடா, கணக்கில் பிசகில்லை! அந்த நிம்மதியை நினைத்துப் பின்னால் பலநாள் கூசிப்போனாள். இதை எப்படி நோகாமல் சொல்வது என்று யோசித்தபடி, பேச்சை வளர்க்கத்தான் கேட்டாள்.

"நீங்க எப்படி எடுத்தீங்க? அதே மாதிரி ஒரு தடவ எடுத்துக் காட்டுங்களேன்."

தையல்காரி கைபேசியை எடுத்து, அதன் முகம் தெருவைப் பார்க்கும்படி ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார். திரையே தெரியாமல் எடுக்கிறார்!

"ஏங்க திருப்பி வச்சிருக்கீங்க?"

"பின்பக்கக் கேமரா உடைஞ்சு போச்சும்மா. முன்பக்கத்துலதான் எடுக்கிறது. நாம மூஞ்சி பாத்துக்குவோமே, அதுல. என்ன விழுதுன்னே தெரியாது, ஒரு நெதானத்துல வச்சிட வேண்டியதுதான்."

கைபேசியை வாங்கி, எடுத்ததைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நிழல் வலது பக்கம். கைக்குள் அதே நிழல் இடது பக்கம். கண்ணாடி காட்டுவதுபோல அந்தக் கேமரா எல்லாவற்றையும் இடவலம் மாற்றிப் பதிந்திருந்தது. தெருவில் சாயங்காலம், உள்ளங்கையில் காலைப்பொழுது. வேறொரு நாளாக இருந்தால் அந்த அழகில் சொக்கிப்போய் நின்றிருப்பாள். இப்போது கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன்." தையல்காரி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். மூன்று தரம் தவறிப்போனது.

அலுவலகத்தில் அவசரம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது என்ன காகிதமா, அச்சாகிப் போச்சுன்னு அழறதுக்கு? ஓசைப்படாம தூக்கிடலாம். அஞ்சு நிமிஷத்துல இருந்த இடம் தெரியாது. புதுசா எழுதிக்கலாம், உன் பேர் வேணாம். திங்கட்கிழமை உனக்குக் கையெழுத்து இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

ஆசை வராமல் இல்லை. அவளும் மனுஷிதானே. ஆனால் நகராட்சிக் கோப்பில் ஒட்டிய காகிதம் அங்கேயேதானே இருக்கும்?

"தூக்கினா அந்தம்மா பொய்க்காரியாவே இருந்துடுவாங்க சார். பழசு அப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல, தப்பு எங்க நடந்துச்சுன்னு எழுதறேன். முத்திரையும் பேரும் என்னோடது, அதனால இதுக்கும் என் பேரே இருக்கட்டும்."

"எழுதித் தொலை" என்றார் அவசரம். பாதி வழி போனவர் திரும்பி வந்தார். "சுருக்கமா எழுதாத. அந்தப் பொம்பள எப்படி எடுத்தாங்கன்னு முழுசா எழுது."

எழுதினாள். கடைசி வரி இது: எடுத்தவரிடம் எப்படி எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

திங்கட்கிழமைக் கையெழுத்து ஆறு மாதம் தள்ளிப்போனது. வெளியே இருந்து வந்த ஏச்சுக்கு அளவில்லை. வீட்டில் அம்மா புதுச் செய்தியைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதையும் அனுப்பணுமா?"

"அனுப்பும்மா. அதே நாப்பத்து மூணு பேருக்கும்."

"பெரியப்பா வீட்டுக்குமா?"

"அவங்களுக்கு முதல்ல."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினார்.

நகராட்சி புகாரைத் திரும்பத் திறந்தது. திறந்ததோடு சரி. அவள் தினமும் போன் செய்து கேட்டாள், தினமும் பார்க்கிறோம் என்றார்கள். தையல்காரியிடமிருந்து பேச்சே இல்லை. இனி அந்தப் பெண் தன்னிடம் எதற்கு வாய் திறக்கப்போகிறார் என்று அவளுக்கும் புரிந்துதான் இருந்தது.

இருபது நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பேருந்து ஜன்னலோரம் வழக்கம்போல ஊர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. ஒரு வீடியோ. அதே கால்வாய், அதே கம்பம், சேறு பூசிய அதே டேங்கர், அதே கறுப்புத் தண்ணீர். ஆனால் ஜன்னல் கம்பிக்கு வெளியே, கேமராவைப் பார்த்தபடி, ஒரு அட்டை தொங்கியது. அதில் பெரிதாக எழுதியிருந்த தேதி கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் கட்டியிருந்தது. அதன் எண்களும் மாறித்தான் இருந்தன.

கீழே தையல்காரி எழுதியிருந்தார்: "இன்னும் யாருக்கும் அனுப்பல. உங்களுக்குத்தான் முதல்ல. வந்து பாருங்க, லாரி இன்னும் நிக்குது."

அவள் ஓட்டுநரைப் பார்த்துக் கத்திக்கொண்டே எழுந்தாள். நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே இறங்கியது அன்றுதான் முதல் தடவை.