பரிமளம் அக்காவின் கொடித்தோடை

பரிமளம் அக்கா காலமான செய்தியை என் வீட்டுப் படலையடிக்கு வந்து சொன்னவர் அக்காவின் பக்கத்து வீட்டுச் சின்னத்துரையர். "பரிமளம் போட்டா, தங்கச்சி" என்றார். அந்த மனிதர் ஒருகாலத்தில் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர் என்பது கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறிய தெருவில், இருக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

சண்டை கொடித்தோடையால், அதுதான் பாஷன் பழக் கொடியால், வந்தது. கணவர் இறந்தபின் அக்கா ஆசையாக நட்ட முதல் கன்று அது. சாறு பிழிந்து குடிக்கப் பழம் வேண்டுமென்று நட்டால், கொடி ஒரே மாரியில் இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில் ஏறி, பின்னிய தென்னோலைக் கிடுகே தெரியாமல் மூடி, பாரத்தில் வேலியைச் சரித்துவிட்டது. வேலி சின்னத்துரையருடையது. "சனிக்கிழமை வேலி அடைக்கப் போறன். உந்தக் கொடியை அடியோடை வெட்டி எறியிறதுதான்!" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினார். கொடி நிறையப் பிஞ்சு. அக்கா அசையவில்லை.

"வேலி உங்கடை, கொடி என்ரை. சனிக்கிழமைக்கு முன்னம் கழட்டித் தாறன்."

படர்ந்த கொடியைக் கழற்றுவதா! சிரித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கத்தரிக்கோலோடு இறங்கினார். தண்டைத் தொடக்கூடாது, கிடுகைச் சுற்றிப் பிடித்திருந்த சுருள்களை மட்டும் நறுக்க வேண்டும். கை சற்று வேகமானால், "ஏனடி அவசரம்? புட்டு அடுப்பிலையே கிடக்கு?" என்று ஏச்சு விழும். கழன்ற கொடியை உடுப்புக் காயவிடும் கம்பியில் தூக்கிப் போட்டோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி நுனியும் கழன்று வந்தபோது தண்டு ஓரிடத்திலும் அறாமல் இருப்பதைப் பார்த்த அக்கா இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஒண்டும் அறேல்லை!" என்று கூவினார். அப்பப்பா, என்ன கூவல் அது!

மறுநாள் சோதனை சின்னத்துரையருக்கு. சரிந்த வேலியை நிமிர்த்திப் புதுக் கிடுகு கட்டி அடைக்க இருபுறமும் ஆள் வேண்டும். ஒருவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து இந்தப் பக்கமிருந்து குத்த, மற்றவர் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பிக் குத்துவார். வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மனிதர் ஊசியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றார். மறுபுறத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"குத்துங்கோ அண்ணை. நான் இஞ்சாலை நிக்கிறன்."

ஊசி வேலியைத் துளைத்து அக்காவிடம் போயிற்று. மத்தியானத்துக்குள் வேலி நிமிர்ந்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுச் சின்னத்துரையரே, "அந்தக் கொடியை இதிலையே விடுங்கோவன் பிள்ளை" என்றார்.

அக்கா விட்டார்தான், ஆனால் சும்மா விடவில்லை. இரண்டு கிளைகளை மட்டும் வேலியோடு போகவிட்டு, மற்றத் துளிரையெல்லாம் கிழமைக்குக் கிழமை நறுக்கினார். "கொடிக்கு இருக்க இடம் குடுக்கலாம், வீடு பூட்டுற திறப்பைக் குடுக்கேலாது" என்பார். அதன்பின் வேலி சாயவில்லை. பழம் இரண்டு வளவிலும் விழுந்தது.

செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு முற்றம் போதவில்லை. வேலியைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். கொடியை வெட்ட ஒருவர் கத்தியோடு வந்தார். சின்னத்துரையர் அவரைத் தடுத்துவிட்டு, அக்காவின் கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வாங்கினார். சுருள் சுருளாக நறுக்கி, கொடி முழுவதையும் கம்பியில் ஏற்றிவிட்டு, ஈரக் கண்ணோடு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒண்டும் அறேல்லை."

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கூவல்தான். அதில் சின்னத்துரையருக்கும் பங்கு இருக்கிறது.