பின்கட்டில் முப்பத்தோரு நாள்

என் மனைவி காமாட்சியை முப்பத்தோரு நாள் பின்கட்டு அறையில் ஒதுக்கி வைத்தவன் நான். பூட்டுப் போடவில்லை. வழக்கம் என்று சொன்னேன். அதுவே போதுமாக இருந்தது.

1978 ஆடி மாதம். விளாங்குடியில் குடியிருந்தோம். நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்கள் வீட்டில் மாதவிலக்கான பெண் தனித் தட்டு, தனிப் பாயோடு பின்கட்டில் இருக்க வேண்டும். உதிரம் நின்று, தலைக்குக் குளித்த பிறகே உள்ளே வரலாம். மூன்று நான்கு நாள் என்றிருந்தவரை அதன் கொடுமை எனக்கு உறைக்கவில்லை. காமாட்சிக்கு நாற்பத்தாறு வயதானபோது நாள் தப்பத் தொடங்கியது. இரண்டு மாதம் வராது. வந்தால் இரண்டு வாரம் நிற்காது. அந்த ஆடியில் நிற்கவேயில்லை.

“ஏங்க, திடீர் திடீர்னு உடம்பு தீயா எரியுது. தூக்கமே இல்ல. அம்புட்டு ரத்தம் போகுது. டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்களேன்” என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“அடுப்படிக்கு வராம இருக்க நல்ல வழி கண்டுபிடிச்சிட்ட” என்றேன்.

சமைக்க வந்திருந்த என் அக்கா சிரித்தாள். “நிக்கிற காலத்துல எல்லாருக்கும் இப்படித்தான்டா தம்பி. நானெல்லாம் டாக்டரையா தேடுனேன்?”

முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா ஊருக்குப் போயிருந்தாள். நான் குளித்து, திருநீறு பூசி, வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். காபி டம்ளரைப் பின்கட்டு வாசற்படியில் வைத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போனால் தீட்டு என்று நினைத்துக் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. காமாட்சி வெளுத்துக் கிடந்தாள். பாய் ஊறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. “வாத்தியார் சார், நிக்கப் போற வருசங்கள்ல நாள் முன்னப்பின்ன ஆகும், உடம்பு எரியும், தூக்கம் கெடும். அதெல்லாம் வாரதுதான். இப்படி நாள்கணக்கா கொட்டுறது நோய். பாடம் நடத்துற உங்களுக்கே தெரியாதா?”

தெரியாது. இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பியவன் நான்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். அதற்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும். அவளுக்குச் சேரும் ரத்தம் கிடைக்கவில்லை. என்னுடையதும் சேரவில்லை. தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். “தாயே, உன்னைப் பார்க்க வரும் அவசரத்தில் அவளைக் கைவிட்டு வந்தேன். என்னைத் தண்டி. அவளை விட்டுவிடு.”

பொழுது சாய்வதற்குள் கட்டட வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். தன் உறவுக்காரருக்கு ரத்தம் கொடுக்க வந்தவள். அவருக்குத் தேவைப்படவில்லை. அவள் ரத்தம் காமாட்சிக்குச் சேர்ந்தது. “எந்திரிங்கண்ணே. நீங்க அழுதா அக்காவுக்கு ரத்தம் ஊறுமா?” என்றவள், பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள். அம்மன் அனுப்பித்தான் அவள் வந்தாள் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காமாட்சி கண் விழித்தாள். கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள்.

“தொடாதீங்க. நான் இன்னும் குளிக்கல.”

வீடு வந்ததும் பின்கட்டுக் கதவை என் கையாலேயே கழற்றினேன். இனி இங்கே யாரும் ஒதுங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். தவிர்த்து வந்த பாடத்தை ஓய்வு பெறும்வரை விடாமல் நடத்தினேன். காமாட்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் விடுங்க” என்றாள்.

அன்பர்களே, அம்மனை நம்பிக் கேளுங்கள். எனக்கே இரங்கியவள் உங்களுக்கும் இரங்குவாள். ஆனால் உங்கள் வீட்டுப் பெண் உடம்பு முடியவில்லை என்றால், கோயிலுக்குப் போகுமுன் அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

காமாட்சி அதன்பின் பதினோரு ஆண்டுகள் இருந்தாள். ஒவ்வொரு மாலையும் விளக்கேற்ற வரும்போது பூசையறை வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். “வா” என்பேன். பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். கடைசிவரை அது மாறவில்லை.