சிங்கப்பூரில் ஒரு பகல்

விமானக் கம்பெனி தரும் மைல்ஸ் புள்ளிகளில் டிக்கெட் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நேர் விமானத்தில் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வழியில் இறங்கும் ஊரில் ஒரு நாளுக்குள் அடுத்த விமானம் ஏறிவிட்டால் அதே மைல்ஸ்தான். அந்த ஊர் நமக்கு இலவசம். அம்மாவை நான் இருக்கும் மெல்போர்னுக்குக் கூட்டிப்போக, சிங்கப்பூரில் ஒரு முழுப் பகல் கிடைக்கிற மாதிரி போட்டிருந்தேன். அந்த ஊர்ப் படங்களை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை.

வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வாடகை வீடு போதும் என்றாள் அம்மா. அவளைத் தனியாக விட்டுவர எனக்கு மனமில்லை.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் வாரங்களில் எங்கள் வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து அடிக்க மாட்டார்கள். அவர் பகலில் தூங்குவதற்காக அறை ஜன்னலில் போர்வை கட்டியிருக்கும். விசில் அடிக்குமே என்று குக்கர் வைக்காமல் அம்மா சோறு வடிப்பாள். கிசுகிசுவென்று பேசியே நாங்கள் வளர்ந்தோம்.

அம்மாவைக் கூட்டிவர நான் நெய்வேலி போய்ச் சேர்ந்த அன்றும் ஜன்னலில் போர்வை தொங்கியது. காலிக் கட்டிலுக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்து, எங்கெங்கே சுற்றலாம் என்று உற்சாகமாகக் காட்ட ஆரம்பித்தேன்.

"மெதுவாப் பேசுடி," என்றாள் அம்மா. "இப்பதான் படுத்தாரு."

அவள் சொன்னதைவிட எனக்குப் பயம் தந்தது, நானும் சட்டென்று குரலைத் தாழ்த்தியதுதான்.

சாவி கொடுக்கும் நாளில் தகராறு வரும் என்று நினைத்தேன். அம்மா ஃபேனை நிறுத்தினாள். போர்வையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சிங்கப்பூர் விமான நிலையத்திலேயே ஓர் அறை எடுத்திருந்தேன், குளித்துவிட்டு ஊர் சுற்றலாம் என்று. நான் குளித்து வருவதற்குள் அறை இருட்டாகியிருந்தது. ஜன்னல் திரைக்கு மேல் அந்தப் போர்வை. கட்டில் பக்கம் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் அம்மா.

"நீ போய்ச் சுத்திப் பாத்துட்டு வா. அவரு எழுந்திரிச்சா நாங்க வரோம்."

அந்த 'நாங்க' என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். அடுத்த விமானத்துக்கு இவள் வருவாளா, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்பாளா என்று பகல் முழுக்கத் தவித்தேன். வாசலில் இருந்த ஊரில் ஒரு தெருவைக்கூடப் பார்க்கவில்லை. கட்டில் விரிப்பையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும் நேரம் நான் சொல்லாமலே அம்மா எழுந்து போர்வையை மடித்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. வரிசை மெல்ல நகர்ந்தது. விமானக் கதவருகே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். யாரும் முன்னே வரவில்லை; ஆனாலும் ஓர் ஆள் உள்ளே நுழையும் அளவு நேரம் வழிவிட்டு நின்றாள். பிறகுதான் அவள் ஏறினாள்.